ஃபிரிட்ஜ் தட்டில் வெந்த வான்கோழி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. கூலிங்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். "கூலிங் போயிருச்சுண்ணே" என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் போதும், பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். போன இடத்தில் முதலில் எதையும் கழற்ற மாட்டார். ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பார்.

"மூச்சு இழுக்குதா, இருமுதான்னு பாக்குறாரு" என்பாள் மனைவி. "மனுஷனுக்கு டாக்டரா போயிருந்தா நானும் டாக்டர் பொண்டாட்டின்னு மினுக்கியிருப்பேன். இவரு பொட்டிக்கு டாக்டரு."

குளிரோடு மல்லுக்கட்டிய கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் அந்தக் கை பட்டாலே மனைவி துள்ளி விலகுவாள். "ஐஸ்ல வச்ச மீன் மாதிரி இருக்கு, எடுங்க" என்பாள். பிறகு பழகிவிட்டது. தலைவலி வரும் நாட்களில் அவளே அந்தக் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

நெருப்பு மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பக்கத்தில் நின்றே வேடிக்கை பார்க்கிற ஆள். அதனால் சமையலறைக்குள் அவருக்கு வேலை தருவதில்லை என்பது அந்த வீட்டின் எழுதப்படாத சட்டம்.

மனைவி ஒரு பெரிய ஓட்டலில் சலவைப் பிரிவில் இருந்தாள். விருந்து நடந்த மறுநாள் மேசை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விரித்துப் பிடித்து ஒரு பார்வை பார்த்தால், அந்த மேசையில் என்ன சாப்பிட்டார்கள், யார் கை நடுங்கியது, எந்த இடத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தது என்று எல்லாம் சொல்லிவிடுவாள். கறை பட்டால் வெந்நீரில் போடக் கூடாது, கறை அப்படியே பிடித்துக்கொள்ளும், முதலில் பச்சைத் தண்ணீர்தான் என்பது அவள் ஓயாமல் சொல்கிற பாடம். சாப்பிடும்போது சட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் கூலிங்காரரை எழுப்பிக் குழாயடிக்கு விரட்டிவிடுவாள்.

சலவைக்கூடத்தின் கதவு திறந்திருந்தால் உணவு கொண்டுபோகிற நடை தெரியும். பெரிய விருந்துகளில் அந்த வழியாக முழு வான்கோழி போகும். இரண்டு பேர் தட்டைப் பிடித்திருப்பார்கள். பழுப்பும் பொன்னுமாகத் தோல் பளபளக்கும்.

"ராஜா பல்லக்குல போற மாதிரி போகும்ங்க" என்று வீட்டுக்கு வந்து சொல்லுவாள். "நாங்கல்லாம் கையில சோப்பு நுரையோட வாயைப் பொளந்துக்கிட்டு நிப்போம். மறுநாள் எங்ககிட்ட வர்றது அதோட கறை மட்டும்தான்."

"ஒரு நாள் நம்ம வீட்லயும் முழுசா ஒண்ணு வைக்கணும்" என்றும் சொல்லியிருக்கிறாள். "வெள்ளை விரிப்பு போட்டு. கறை பட்டா பட்டுட்டுப் போகட்டும்."

"வைப்போம், வைப்போம்" என்றிருக்கிறார் கூலிங்காரர். முடியாது என்று நினைத்துச் சொன்னதில்லை. இப்போது இல்லை, பிறகு என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். அந்தப் பிறகு வராமலே மகள் படித்து முடித்தாள், வேலைக்கு வெளியூர் போனாள், மனைவி வேலையை விட்டாள், ஓரம் நைந்துபோன ஒரு வெள்ளை மேசை விரிப்பை ஓட்டலில் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு அவளுக்கு உடம்பு கெட்டது.

மருத்துவமனையில் முடிந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைக் குடுங்க" என்றார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் கூலிங்காரருக்கு வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. அவரே எத்தனையோ வீட்டில், "இனிமே செலவு பண்ணாதீங்கம்மா, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவர்தானே.

மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "அவ படிச்சவ, அவளைக் கேளு" என்பார்கள். அவள் பதில் சொல்லி முடித்ததும், தாங்கள் முதலிலேயே நினைத்திருந்ததைச் செய்வார்கள். அவளுக்கும் அது பழகியிருந்தது.

இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்காத மனைவி ஒரு நாள் காலையில் தெளிவாகப் பேசினாள்.

"ஏங்க, வான்கோழி."

"என்னது?"

"முழுசா. நான் எவ்வளவு திங்கறேங்கறது கணக்கில்லை. முழுசா மேசைக்கு வரணும். தோலு மொறுமொறுன்னு இருக்கணும். அதுல ஒரே ஒரு துண்டு எனக்கு வேணும்."

"வைப்போம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அன்றே போய் வாங்கிவந்தார் கூலிங்காரர்.

வந்தது பாறாங்கல் மாதிரி உறைந்த பறவை. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. இது அவருடைய ஏரியா. வீட்டு ஃபிரிட்ஜைக் காலி செய்து, நடுவில் அதை உட்காரவைத்து, பக்கத்தில் தன் தொழிலுக்கான தெர்மாமீட்டரைச் செருகினார். மகள் பொறுமையிழந்து, "வெளியவே வச்சா என்னப்பா?" என்று கேட்டதற்கு, "அவசரப்பட்டா வெளிய கூழு, உள்ள கல்லு. குளிரை அடிச்சு வெரட்ட முடியாதும்மா. அதுவா கிளம்பணும்" என்றார். நாலைந்து நாள் ஆயிற்று. அந்த நாட்களில் மனைவி தினமும் காலையில், "எழுந்துட்டானா?" என்று விசாரித்தாள். "தூங்குறான்" என்று அவர் சொல்வார். பல வாரத்துக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை, அடுப்போடு சேர்ந்து வந்த ஓவன் என்கிற கீழ்ப்பெட்டியைத் திறந்தார்கள். அதுவரை அதற்குள் நெருப்பு எரிந்ததில்லை. பழைய வாணலிகளும் மூடியில்லாத டப்பாக்களும் குடியிருந்த இடம். எல்லாவற்றையும் காலி செய்தார்கள். தெருமுனை பேக்கரிக்காரர் ஆழமான ஒரு டிரே கொடுத்தார். அடுப்புக்குள் ஒரே ஒரு கம்பித் தட்டுதான், அதுவும் அந்த டிரேயைத் தாங்குவதற்கே சரியாகப் போயிற்று.

"டிரேக்குள்ள கோழிக்கு அடியில ஒரு கம்பித் தாங்கி வேணும்பா" என்றாள் மகள், செல்போனைப் பார்த்தபடி. "இல்லைன்னா அது தன்னோட கொழுப்புலயே ஊறிடுமாம். தோல் மொறுமொறுப்பா வராது."

"பேக்கரிக்காரர்கிட்ட இல்லையாமே."

"வேற வழி போட்டிருக்கு. கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கைக் கனமா வெட்டி அடியில பரப்பி, அது மேல வைக்கலாமாம்."

"காய்கறி மெத்தையா? அது என்ன தூங்கவா போகுது?"

உள்ளறையிலிருந்து மனைவியின் மெலிந்த குரல் வந்தது. "மெத்தையெல்லாம் எனக்குப் போதும். அதுக்கு வேற போடணுமா?"

"அலுமினியத் தாளை முறுக்கி வளையம் மாதிரி பண்ணியும் வைக்கலாமாம்பா. கீழ காத்து போகணும், அதான் விஷயம்."

"காத்து போகணும், அவ்வளவுதானே?" கூலிங்காரர் எழுந்துவிட்டார். "ஃபிரிட்ஜ்ல தட்டெல்லாம் எதுக்குக் கம்பியில செஞ்சான்? காத்து போறதுக்குத்தான். இரு, வரேன்."

அவருடைய பட்டறையில் செத்துப்போன ஃபிரிட்ஜுகள் வரிசையாக நின்றன. ஆக மூத்ததைத் திறந்தார். இப்போது வருவதெல்லாம் கண்ணாடித் தட்டு. இது அந்தக் காலத்துக் கம்பித் தட்டு. இத்தனை வருஷத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. லேசான மஞ்சள் கலந்த மினுமினுப்பு. ஓரத்தை அறுத்து, டிரேக்குள் அடங்குகிற அளவுக்கு வளைத்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினார். உட்காரவைத்துப் பார்த்தால் அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"இது நெருப்புக்கு ஆகுமாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"இரும்புடா கண்ணு. இரும்புக்கு என்ன."

அவள் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் தாண்டியதும் வாசனை கிளம்பியது. முதலில் சமையலறை, பிறகு கூடம், பிறகு உள்ளறை. மாடி வீட்டு டெய்லர் அக்கா படியிலிருந்தே, "என்னண்ணே, பொட்டி ரிப்பேரை விட்டுட்டு ஓட்டல் வச்சுட்டீங்களா?" என்று கத்தினாள். மனைவியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார்கள். கட்டிலை ஒட்டி மேசையை இழுத்துப்போட்டு, அந்த வெள்ளை விரிப்பைப் போட்டாள் மகள். மனைவி கையை நீட்டி ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"வரட்டும் ராஜா" என்றாள்.

ராஜா வந்தது. அப்பனும் மகளுமாகத் தட்டைப் பிடித்து, ஓட்டலில் செய்கிற மாதிரி ஒரே நிதான நடையில் கொண்டுவந்தார்கள். தோல் பொன்னாகத் தகதகத்தது. நெஞ்சுப் பக்கம் விரலால் தட்டினால் அப்பளம்போல் சத்தம் கேட்டது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கத்தி எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனார் கூலிங்காரர். போன இடத்தில் டிரே கண்ணில் பட்டது.

கம்பியின் மினுமினுப்பு போயிருந்தது. சில இடத்தில் பழுப்பு, சில இடத்தில் நீலம். பறவை உட்கார்ந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். மாவுபோல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போதோ, இதே மாதிரிப் பழைய தட்டு ஒன்றை ஒட்டித் தரச்சொல்லி வெல்டிங்காரரிடம் கொண்டுபோனதும், அவர் அதைக் கையில் வாங்காமலே, இதில் நெருப்புப் படக் கூடாது என்று திருப்பி அனுப்பியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. குளிரில் வேலை செய்கிறவருக்கு அந்த எச்சரிக்கை ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. தேவைப்படாதது மறந்துபோயிருந்தது.

கொல்லைப்புறம் போய் வெல்டிங்காரருக்கு போன் போட்டார்.

"பழைய ஃபிரிட்ஜ் தட்டாண்ணே? மஞ்சளா மினுங்குமே, அதா?"

"ஆமாப்பா."

"துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு போட்டிருப்பான்ணே. குளிர்ல அது சாது. சூடு பட்டா விஷம். அதான் அன்னிக்கே நான் தொடமாட்டேன்னேனே. எதுக்குக் கேக்குறீங்க?"

"அது மேல கோழி வச்சுட்டேன்."

"எல்லாத்துலயும் அந்தப் பூச்சு இருக்காதுண்ணே. ஆனா எதுல இருக்கு, எதுல இல்லைன்னு நமக்கு எப்படித் தெரியும்? திங்காதீங்க. தூக்கிப் போடுங்க."

கத்தி இல்லாமல் வெறுங்கையோடு உள்ளறைக்கு வந்து நின்றவரைப் பார்த்ததும் மகளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. அவர் சொன்னார். சுற்றிவளைக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மனைவி சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள்.

"ஏங்க, எனக்கு இனிமே விஷம் வந்து என்ன பண்ணப்போகுது? நீங்க ரெண்டு பேரும் திங்காதீங்க. எனக்கு ஒரு துண்டு தோலு குடுங்க. மேல இருக்கறதுதான், கம்பி பட்டிருக்காது."

"வேணாம்மா. புகையெல்லாம் அதுக்குள்ளதானே சுத்தியிருக்கும்."

"ஒரு துண்டுங்க."

"என் கையால எப்படிக் குடுப்பேன்?"

"உங்க கையால வேணாம். தட்டைக் கொஞ்சம் தள்ளுங்க, நானே எடுத்துக்கறேன்."

கை நீண்டது. மேசை விளிம்புவரை வந்து, அதற்கு மேல் எட்டாமல் விரிப்பின் மேல் விழுந்தது. அவர் தட்டைத் தள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மகளைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லுடி, படிச்சவ" என்றாள் அம்மா.

மகள் தட்டைப் பார்த்தாள். "வேணாம்மா" என்றாள். அது தன் காதுக்கே கேட்டதா என்று தெரியவில்லை.

"மேசை வரைக்கும் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் மனைவி.

நாய் பூனை வாய் வைத்துவிடக் கூடாதென்று அந்தப் பறவையைப் பை மேல் பையாகச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, குப்பை வண்டி வரும்வரை வாசலில் காவல் நின்றார் கூலிங்காரர். போகிற வருகிற ஒவ்வொருவரும் வாசனை ஊரையே தூக்குதே, என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் போய் நின்றார். இன்னொரு வான்கோழி கிடைத்தது. முன்னதைவிடப் பெரியது, முன்னதைவிடக் கெட்டி. ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள். மனைவியின் மூச்சைக் காலையில் கேட்டிருந்தார். பெட்டிகளின் மூச்சைக் கேட்டுப் பழகிய காது பொய் சொல்லாது. நாலைந்து நாள் இல்லை.

குளியலறையில் பெரிய வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பையோடு பறவையை அமிழ்த்தினார். வெந்நீரில் போட்டால் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரே நாளில் இளகிவிடும். குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் சில்லிட்டதும் கொட்டுவார், புதிதாகப் பிடிப்பார். அடுத்த அறையில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க."

"இதோ வந்துட்டேன். தண்ணி மாத்திட்டு வரேன்."

கொஞ்சம் கழித்து மறுபடி, "ஏங்க."

"வரேம்மா. கால் பக்கம் இளகிருச்சு."

மூன்றாவது முறை மகளே வந்து கதவருகில் நின்றாள். "அப்பா, அம்மா கூப்பிடுறாங்க. கோழியை விட்டுட்டு வரச் சொல்றாங்க."

ஈரக் கையோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தேடிப் பிடித்தாள். இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"மீனு" என்றாள்.

"கோவமா?"

"கோவம்தான்." கையை விடவில்லை. "நேத்து குடுத்திருக்கலாம்ல?"

"இன்னைக்குச் சாயங்காலம் கண்டிப்பா. காய்கறி மேல வச்சே பண்ணிடறோம். உள்ள மட்டும்தான் இன்னும் ஐஸ் இருக்கு" என்றார்.

"இங்கயே இருங்க."

இருந்தார். கன்னத்தின் சூட்டில் கை மெல்ல வெதுவெதுப்பாயிற்று. அவள் தூங்கிவிட்டதுபோல இருந்தது. தண்ணீரை மாற்றி நேரமாயிற்றே என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை, மாற்றிவிட்டு உடனே வந்துவிடலாம் என்று கையை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்தார்.

வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது மகள் "அப்பா" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஓடினார். முழங்கைவரை தண்ணீர் சொட்டியது. மனைவியின் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவர் கைதான் ஜில்லிட்டிருந்தது. அதை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தார். அவள் விலக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வந்தவர்கள் வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள், போனார்கள். இதற்கிடையில் அந்தப் பறவையை யாரோ வாளியிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திறந்த கூலிங்காரர், திறந்தபடியே நின்றுவிட்டார். பறவையின் வயிற்றுக் குழிக்குள் இரண்டு விரலைவிட்டுப் பார்த்தார். ஒரு துளி ஐஸ் இல்லை.

"இதையும் தூக்கிப் போட என்னால முடியாதும்மா" என்றார் மகளிடம்.

அவள் கேரட்டை எடுத்துத் தோல் சீவினாள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கனமான துண்டுகளாக வெட்டி டிரேயில் பரப்பினாள். அதன் மேல் அவர் பறவையை வைத்தார். நன்றாகவே உட்கார்ந்தது. ஆடவில்லை, சாயவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

வெந்து வந்ததில் ஒரு குறையும் இல்லை. கட்டில் இருந்த அறையில், அதே இடத்தில், மேசைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டு முழுசாக வைத்தார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தோலில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்திருக்கலாமோ?" என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு துண்டு தோலு. மேல இருந்தது. அதால அவளுக்கு என்ன ஆகியிருக்கும்? குடுத்திருக்கலாமோ? நீ படிச்சவ, சொல்லும்மா."

இந்த முறை அவர் ஏற்கெனவே எதையும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் அவரால் தாங்க முடியாது. இல்லை என்று சொல்ல அவளுக்கே உறுதியில்லை. தட்டுக்குக் கீழே பார்வையை இறக்கினாள். அவர் விரலிடுக்கிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு விரிப்பில் விழுந்து பரவியது.

"கறை பட்டுருச்சுப்பா" என்றாள்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். விரட்ட ஆளில்லாமலே எழுந்துவிட்டார். தட்டுகளை நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு, விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், அந்த வாளியிலேயே பச்சைத் தண்ணீர் பிடித்து நனைத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். சோப்பைப் போட்டு மறுபடி தேய்த்தார். கறை முதல் அலசலிலேயே போய்விட்டது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். தண்ணீருக்குள் கையைவிட்டு அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"போதும்பா" என்றாள். "கை ஐஸா இருக்கு."